மொய் நோட்டில் ஏறாத வரவு: கிருபை பற்றிக் கேள்வி பதில்

மதுரையில் எங்கள் சபையில் 31 வருடமாக ஞாயிறு பள்ளி எடுக்கிறேன். வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று. இரட்சிப்பு, அதாவது பாவத்திலிருந்து விடுதலை, தேவனுடைய ஈவு, அவர் கிருபையாய்ச் சும்மா தருவது என்கிறோமே, அப்படியென்றால் என்ன, அதை அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். ஒரே மாதிரி வந்தவற்றைத் தள்ளிவிட்டு மற்றவற்றுக்கு எழுதுகிறேன்.

ஐயா, சும்மா கிடைப்பதற்கு என்ன மதிப்பு? ஒன்றும் செய்யாமல் இரட்சிப்பு என்றால் மனசு ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. (உசிலம்பட்டி)

தம்பி, உங்கள் ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். நம் பக்கத்தில் சும்மா வருவது என்று எதுவும் கிடையாது. காதுகுத்து நடக்கிற மண்டபத்து வாசலைப் பாருங்கள். மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணி வாங்குவார், இன்னொருவர் நீள நோட்டில் ஊர், பெயர், தொகை என்று எழுதுவார். இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றி அங்கேயே ரசீதும் கொடுக்கிறார்கள். விசேஷம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் போய் உட்காரும். பத்து வருடம் கழித்து அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால், நோட்டைப் புரட்டி, 500 செய்தவருக்குக் கூடப் போட்டுத்தான் திருப்பிச் செய்வோம். தவறினால் ஊர் வாயில் விழ வேண்டும்.

மொய்யை நான் குறை சொல்லவில்லை. கையில் காசில்லாத எத்தனையோ வீட்டுக் கல்யாணத்தை அதுதான் நடத்தி வைத்தது. ஆனாலும் அது கடன். அப்படியே வளர்ந்துவிட்டதால், கிருபை என்று சொன்னவுடனே நம் கை நோட்டைத் தேடுகிறது. ஆண்டவர் இவ்வளவு செய்திருக்கிறாரே, நாம் எவ்வளவு திருப்பிச் செய்வது?

பைபிளில் எபேசியர் 2:8இல் அப்போஸ்தலர் பவுல், "இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு" என்கிறார். யாரும் பெருமை பாராட்டக் கூடாது என்று அடுத்த வசனத்திலேயே காரணமும் சொல்லிவிடுகிறார். ரோமர் 6:23இல் அவர் சொற்களைப் பொறுக்கியிருப்பதைக் கவனியுங்கள். மரணத்துக்குப் போட்ட சொல் சம்பளம். நித்தியஜீவனுக்குப் போட்டது கிருபைவரம். சம்பளத்தைக் கணக்குப் பார்த்துக் கேட்டு வாங்கலாம், வரத்தை அப்படிக் கேட்க முடியுமா? மதிப்பு எங்கே என்று கேட்டீர்கள். வாங்குகிற நமக்குத்தான் செலவில்லை. கொடுத்தவருக்கு ஆன செலவு சிலுவை.

அப்படியானால் யாக்கோபு "கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது", அதாவது நற்செயல் இல்லாத நம்பிக்கை செத்தது என்று எழுதியிருக்கிறாரே? (திருநகர்)

பவுல், யாக்கோபு இரண்டு பேருமே ஆபிரகாமைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுகிறார்கள். ஆனால் எந்த வயது ஆபிரகாமை? ரோமர் 4இல் பவுல் எடுப்பது ஆதியாகமம் 15. கையில் பிள்ளையில்லை, அண்ணாந்து நட்சத்திரத்தைப் பார்த்து, சொன்னதை நம்புகிறார், அது அவருக்கு நீதியாக எண்ணப்படுகிறது. யாக்கோபு எடுப்பது ஆதியாகமம் 22, மகன் ஈசாக்கைப் பலியிடக் கூட்டிப் போகிற ஆபிரகாமை. அதற்குள் ஈசாக்கு பிறந்து விறகுக்கட்டு சுமக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டான். முதலில் விசுவாசம், பல வருடம் கழித்து அது வெளியே தெரிகிறது. எபேசியர் 2:9ஓடு நிறுத்திவிடாமல் பத்தாம் வசனத்தையும் வாசித்தால் பவுலே நற்கிரியைக்கு வந்துவிடுவார். நம்மில் பாதிப் பேர் ஒன்பதில் புத்தகத்தை மூடிவிடுகிறோம்.

கிருபை, இரட்சிப்பு என்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் புரியவில்லை. வேறு சொல் உண்டா? ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) சபைக்காரர்கள் கிரியையால் இரட்சிப்பு என்று நம்புகிறார்களாமே? (செல்லூர்)

சொல் ஆர்.சி. வீட்டிலேயே இருக்கிறது தங்கச்சி. அவர்கள் அருள், மீட்பு என்பார்கள். மீட்பு தெரியாத மதுரைக்காரர் உண்டா? ஆடி மாதம் அடகுக்குப் போன சங்கிலியைத் தை மாதம் மீட்கிறோம். பணம் கட்டுவது உடையவர். சங்கிலி பெட்டிக்குள் சும்மா கிடக்கிறது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லும் விலை கொடுத்து அடிமையை விடுவிப்பதைக் குறிப்பதுதான். சொல்லுக்கு மெனக்கெடுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. 1606இல் மதுரைக்கு வந்த இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி, தமிழும் சமஸ்கிருதமும் படித்து, ஊர்க்காரர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதப் பாடுபட்டார்.

இரண்டாவது கேள்விக்கு: 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன்களும் கூட்டு அறிக்கை ஒன்றில் கையெழுத்துப் போட்டார்கள். நம்முடைய தகுதியால் இல்லாமல் கிருபையால் மட்டுமே தேவன் ஏற்றுக்கொள்கிறார் என்பது அதில் இருக்கிறது. 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அந்தப் பழைய குற்றச்சாட்டை இனியும் மேடையில் முழங்குவது நியாயமில்லை.

சார், நாங்கள் தென்கலை வைணவர்கள். பூனை தன் குட்டியைத் தானே கவ்விக்கொண்டு போகும், குட்டி ஒன்றும் செய்வதில்லை என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். நீங்கள் சொல்வதும் அதுதானே? (அழகர்கோவில் சாலை)

வந்ததிலேயே எனக்குப் பிடித்த கேள்வி இதுதான். மார்ஜார நியாயத்தைச் சொல்கிறீர்கள். வடகலையார் குரங்குக்குட்டியைச் சொல்வார்கள், அது தாயை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். எங்களிடமும் இதே வழக்கு உண்டு. சபைச் சீர்திருத்தக்காரர் கால்வினின் வழியினர் பூனைப் பக்கம், மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் வழியினர் கொஞ்சம் குரங்குப் பக்கம். தென்னிந்தியத் திருச்சபையில் 1947இல் இரண்டு கட்சியும் ஒன்றாகச் சேர்ந்தன, இன்னும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம்.

ஆனால் இரண்டும் ஒன்றே என்று சொன்னால் உங்களுக்கும் எனக்கும் உண்மையாக இருக்க மாட்டேன். எங்கள் நம்பிக்கை முழுவதும் பொந்தியு பிலாத்து என்கிற ரோம ஆளுநர் காலத்தில் நடந்த ஒரு மரணத்தின் மேலும், மூன்றாம் நாள் இயேசு உயிர்த்தெழுந்ததன் மேலும் நிற்கிறது. அது நடக்கவில்லை என்றால் எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை என்று பவுலே எழுதிவிட்டார். ஒருநாள் வீட்டுக்கு வாருங்கள், சாவகாசமாகப் பேசலாம்.

ஆயிரம் காணிக்கை போட்டால் பத்தாயிரமாகத் திரும்பும் என்று ஒரு கூட்டத்தில் சொன்னார்கள். போடலாமா? (ஒத்தக்கடை)

வேண்டாம். அது ஆண்டவருக்கே மொய் வைப்பது. காசுக்குப் பாவமன்னிப்புச் சீட்டு விற்றதைக் கேள்வி கேட்டுத்தான் 1517இல் மார்ட்டின் லூத்தர் தம்முடைய 95 கருத்துரைகளை எழுதினார்.

என் வீட்டுக்காரரிடம் ஆண்டவரைப் பற்றிப் பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிறார். எப்படிச் சொல்வது? (திருமங்கலம்)

பேச்செடுக்காதீர்கள் அம்மா. 1 பேதுரு 3:1-2 உங்களுக்கென்றே எழுதின மாதிரி இருக்கிறது. "போதனையின்றி" என்றே அதில் வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதில் பெரியார் பஸ் ஸ்டாண்டில் கைப்பிரதி கொடுப்பேன். ஒரு நாளைக்கு 100. எத்தனை கொடுத்தேன், எத்தனை பேர் நின்று கேட்டார்கள் என்று ராத்திரி டைரியில் குறிப்பேன். ஒருநாள் கடலை வாங்கினேன். வண்டிக்காரர் என் கைப்பிரதியையே கூம்பாகச் சுருட்டி, அடியை மடக்கி, கடலையை அள்ளிப் போட்டு நீட்டினார். "தாள் நல்லா மொடமொடன்னு இருக்கு தம்பி. ஆமா, ஒன்னுக்கு உங்களுக்கு எவ்வளவு குடுக்குறாங்க?" என்றார். ஒன்றும் இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. ஏன் நம்புவார்? மூன்று மாதமாக எதிரிலேயே நிற்கிறேன், அவர் பெயரைக் கேட்டதில்லை. டைரியில் அவரும் ஒரு எண்ணிக்கை. அப்புறம் டைரியை விட்டேன், அவர் வண்டிப் பக்கத்தில் நின்று பேச ஆரம்பித்தேன். இரண்டு வருடம் கழித்து அவராகத்தான் கேட்டார், "அந்தத் தாள்ல அப்படி என்னதான் எழுதியிருக்கு?"

அடுத்தவரிடம் மதத்தைப் பற்றிப் பேசினாலே சட்டப்படி தப்பு என்கிறார்களே? (கல்லூரி மாணவி, கோரிப்பாளையம்)

அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு, பொது ஒழுங்குக்கும் ஒழுக்கத்துக்கும் சுகாதாரத்துக்கும் உட்பட்டு, மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. அது கொள்கையை எடுத்துச் சொல்கிற உரிமை, இன்னொருவரை மாற்றுகிற உரிமை ஆகாது என்று 1977இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வேலை வாங்கித் தருகிறேன், பள்ளிக்கூடத்தில் சீட்டு வாங்கித் தருகிறேன் என்று சொல்லி யாரையும் கூப்பிடாதே அம்மா. சட்டத்துக்குப் பயந்து மட்டும் சொல்லவில்லை. அப்படிச் செய்தால் ஈவை நாமே விலைபேசி விற்றுவிட்டதாக ஆகும்.

எனக்கு 78 வயது. குடியிலேயே காலம் போயிற்று. பெஞ்சாதி போன பிறகுதான் புத்தி வந்தது. இனிமேல் ஆண்டவருக்கு என்ன செய்துவிட முடியும்? (மேலூர். பேரன் எழுதி அனுப்பியது)

அண்ணே, காலையில் வேலைக்கு ஆள் கூப்பிடுகிற முக்கில் தூக்குச்சட்டியோடு நிற்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பத்து மணிக்கு மேல் அங்கே நிற்பவரை யார் கூப்பிடுவார்கள்? மத்தேயு 20இல் இயேசு சொல்கிற கதையில் ஒரு தோட்டத்து முதலாளி பதினோராம் மணி வேளையில், நம் கணக்கில் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து, ஒருவரும் கூப்பிடாமல் நின்றவர்களையும் கூட்டிப் போகிறார். கூலி கொடுக்கும்போது அவர்களுக்கும் முழு ஒரு பணம். விடியற்காலையிலிருந்து வெயிலில் காய்ந்தவர்கள் முணுமுணுத்தார்கள் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் சபையிலும் யாராவது முணுமுணுக்கலாம், கண்டுகொள்ளாதீர்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி நானே வருகிறேன். பேரனிடம் தெருவைக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கென்று எதுவும் வாங்கி வைக்க வேண்டாம், டீ போட்டால் போதும். சர்க்கரை கம்மியாக.