உலாவியை மூடிய பிறகும் தற்காலிக இணையக் கோப்புகள் ஏன் சேர்ந்துகொண்டே போகின்றன?

மூடியதும் அழிந்துவிட்டால் அவற்றால் பயனே இல்லை. ஒரு செய்தித்தளத்தைத் திறக்கும்போது அதன் படங்கள், எழுத்துரு, நிரல் ஆகியவற்றை உலாவி வன்தட்டில் நகலெடுத்து வைக்கிறது. மறுநாள் அவற்றைத் திரும்பப் பதிவிறக்கத் தேவையில்லை. எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதைத் தளமே சொல்லி அனுப்புகிறது. 1 ஆண்டு என்று குறிப்பவையும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், தளத்தைப் புதுப்பிக்கும்போது பலர் கோப்பின் பெயரையும் மாற்றிவிடுகிறார்கள். பழைய நகலை இனி யாரும் கேட்கப்போவதில்லை. ஆனாலும் அது இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். உலாவி தனக்கென வைத்திருக்கும் கொள்ளளவு நிரம்பும்போதுதான் நெடுநாள் தொடாதவற்றைக் கழிக்கத் தொடங்கும்.

ஆகவே வாரந்தோறும் துடைக்க வேண்டியதில்லை. இடம் போதாவிட்டால், விண்டோஸ் கணினியில் குரோமிலோ ஃபயர்பாக்ஸிலோ கன்ட்ரோல், ஷிஃப்ட், டெலிட் விசைகளைச் சேர்த்து அழுத்துங்கள். திறக்கும் பட்டியலில், நீங்கள் உள்நுழைந்திருப்பதைத் தளங்களுக்கு நினைவூட்டும் சிறு பதிவுகளான குக்கீகளைத் தேர்விலிருந்து நீக்கிவிட்டு அழியுங்கள். இல்லையேல் தளங்களெல்லாம் மறுபடி கடவுச்சொல் கேட்கும்.