யாருடைய ஸ்வதர்மம்?

வணக்கம்.

நான் வழக்கறிஞர். வேலைநீக்கம் செய்யப்பட்டவர்களுக்காகத் தொழிலாளர் நீதிமன்றத்தில் வாதாடுகிறேன். ஓராண்டாக என் மாமியார் பக்கவாதத்தில் படுத்த படுக்கையாக இருக்கிறார். பகலில் ஒரு செவிலியர் வருகிறார்; மற்ற நேரமெல்லாம் நான்தான். காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் மேலாளராக இருக்கும் என் கணவர், தொழிலை விட்டுவிடச் சொல்கிறார். "குறையுடையதானாலும் தனக்குரிய கடமையான ஸ்வதர்மமே மேல், பிறருக்குரிய பரதர்மம் பயத்தைத் தருவது என்று கீதை சொல்கிறது. உன் ஸ்வதர்மம் வீடு" என்கிறார். சுலோகத்தைத் தேடிப் படித்தேன். அப்படித்தான் இருக்கிறது. பதில் சொல்லத் தெரியவில்லை. ஏற்கவும் மனம் வரவில்லை. பிறப்பும் திருமணமும் விதித்ததுதான் ஸ்வதர்மமா? இன்றைக்கு அதற்குப் பொருள் உண்டா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சில நாள் காலையில் நான் நீதிமன்றத்துக்குக் கிளம்புவது கடமைக்காகவா, அந்த அறையிலிருந்து தப்பிக்கவா என்று எனக்கே தெரிவதில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அது 3-ஆம் அத்தியாயத்தின் 35-ஆவது சுலோகம். அதன் முதல் வரி 18-ஆம் அத்தியாயத்தில் 47-ஆவது சுலோகத்தில் அப்படியே மீண்டும் வருகிறது. அதற்குச் சற்று முன்னால்தான் நான்கு வர்ணங்களுக்கும் உரிய செயல்கள் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. ஆகவே கீதையின் ஸ்வதர்மத்துக்கும் வர்ணத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லி உங்களைச் சமாதானப்படுத்த மாட்டேன். குணத்தை வைத்துத்தான் பிரித்தார்கள் என்பார்கள். ஏட்டில் அப்படி இருக்கிறது. ஊரில் பிறப்பை வைத்துத்தான் பிரித்தார்கள். சாதி என்பது வேலையைப் பிரிப்பது மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரிப்பது என்று அம்பேத்கர் 1936-இல் எழுதினார். அதற்கு நேர்மையான மறுப்பு எதையும் நான் கண்டதில்லை.

அந்தப் பழைய பொருளிலேயே எடுத்துக்கொள்வோம் என்றால், கேள்வி முதலில் உங்கள் கணவர் மீதுதான் பாயும். காப்பீட்டு நிறுவன மேலாளர் பதவியை எந்த ஸ்மிருதி, எந்தப் பழைய தர்ம நூல், அவருக்கு விதித்தது? அவருக்கு விருப்பம், உங்களுக்கு விதி என்று பாகம் பிரிப்பதற்குத் தர்ம விசாரம் என்ற பெயர் கொஞ்சம் அதிகம்.

கீதையில் தர்மத்தின் பெயரைச் சொல்லி முதலில் வாதாடுபவன் அர்ஜுனன். குலம் அழிந்தால் குலதர்மம் அழியும், பெண்கள் கெடுவார்கள், வர்ணங்கள் கலக்கும், முன்னோர்களுக்குப் பிண்டம் கிடைக்காது என்று முதல் அத்தியாயத்தில் அடுக்குகிறான். எல்லாம் சாஸ்திரத்துக்கு உகந்த பேச்சுதான். கண்ணன் அதை வரிக்கு வரி மறுப்பதில்லை. அறிஞனைப் போலப் பேசுகிறாயே என்று ஒரு குத்தலோடு கடந்துவிடுகிறான். அந்த வாதங்களுக்கு அடியில் இருப்பது நடுங்கும் கை என்று அவனுக்குத் தெரியும். வாக்கியம் பிழையில்லாமல் இருந்தும், சொல்பவர் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கலாம்.

ஸ்வதர்மத்தைப் புரிந்துகொள்ள நான் கீதையைவிட அதிகம் திரும்பிப் போவது மகாபாரத வனபர்வத்தின் தர்மவியாதன் கதைக்கு. தன்மேல் எச்சமிட்ட கொக்கைக் கோபப் பார்வையால் வீழ்த்திய கௌசிகன் என்ற அந்தணன், மிதிலையில் இறைச்சி விற்கும் ஒருவனிடம் தர்மம் கேட்கப் போகிறான். அந்த வியாதன் நீளமாகப் பாடம் எடுத்த பிறகு, வீட்டுக்குள் அழைத்துப்போய் வயதான பெற்றோரைக் காட்டுகிறான். மனைவி மக்களோடு இவர்களுக்குப் பணி செய்கிறேன் என்கிறான். அடுத்து அவன் சொல்வதைக் கவனியுங்கள்: இவர்களை நானே குளிப்பாட்டுகிறேன், நானே கால் கழுவுகிறேன், நானே உணவு கொடுக்கிறேன். மனைவி இருக்கிறாள், ஆனாலும் அவன் கை ஈரமாகிறது. பிறகு கௌசிகனைப் பார்த்து, வேதம் படிப்பதற்காக நீ விட்டுவந்த பெற்றோர் துயரத்தில் கண்ணிழந்து கிடக்கிறார்கள், திரும்பிப் போ என்கிறான். அவனும் போகிறான். உங்கள் மாமியார் யாருடைய தாய் என்பதை உங்கள் கணவருக்கு நினைவூட்ட இதைவிட நல்ல சாஸ்திரப் பிரமாணம் கிடைக்காது.

அதே கதையில் கௌசிகனை மிதிலைக்கு அனுப்புபவள் கணவனையே தெய்வமாகக் கொண்ட ஓர் இல்லாள். அவளை உங்கள் கணவர் எடுத்துக்காட்டலாம். காட்டினால் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே மகாபாரதத்தின் சாந்தி பர்வத்தில் சுலபா இருக்கிறாள். தனக்குத் தகுந்த கணவன் அமையாமல் துறவு பூண்ட பெண். நீ யார், யாருடையவள், எங்கிருந்து வந்தாய், எல்லை மீறுகிறாய் என்று ஜனகன் அவையில் வைத்துக் கேட்கிறான். அவள் பொறுமையாக, நீளமாக, ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி முடிக்கும்போது ஞானி என்று பேரெடுத்த அரசனிடம் மறுமொழி இல்லை. பெண்ணின் ஸ்வதர்மம் இதுதான் என்று ஒற்றை வரியில் முடிக்க நினைப்பவர் இவளைத் தாண்டித்தான் போக வேண்டும்.

இனி உங்கள் கடைசி வரி. உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். ஓராண்டாக இரவு முழுவதும் ஒரு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பவருக்குக் காலையில் வாசல் தாண்டினால் போதும் என்று தோன்றுவது உடம்பின் களைப்பு. அதைப் பாவமாக்க வேண்டாம். 18-ஆம் அத்தியாயத்தில் அந்த 47-ஆவது சுலோகத்துக்கு அடுத்ததையும் படியுங்கள்: எந்தச் செயலும், புகை சூழ்ந்த நெருப்பைப் போல, குறை சூழ்ந்ததுதான் என்கிறது அது. முற்றிலும் தூய நோக்கத்தோடு கிளம்பினால்தான் ஒரு வேலை நம்முடையது ஆகும் என்றால் உலகத்தில் யாருக்கும் ஸ்வதர்மம் இருக்காது. சோதித்துப் பார்க்க வேண்டிய இடம் வேறு. தப்பித்து வந்த அந்தக் காலையில் கட்சிக்காரரின் வழக்குக் கட்டை முழுதாகப் படித்தீர்களா, சாட்சியைச் சரியாக விசாரித்தீர்களா, அல்லது வாய்தா வாங்கிக்கொண்டு வந்துவிட்டீர்களா? முதல் இரண்டும் என்றால் அந்த வேலை உங்களுடையது. வேலை பறிபோன ஒருவர் உங்கள் பெயரில் வக்காலத்துப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவருக்கு நீங்கள் கொடுத்த வாக்கும் கடமைதான். படுக்கையில் இருப்பவரின் தேவையைக் காட்டி அதை இல்லை என்று ஆக்கிவிட முடியாது. உங்கள் மாமியாரைக் கைவிடவும் முடியாது. ஆகவே இரவை இரண்டு பேர் பங்கிட வேண்டும். அல்லது இரவுக்கும் ஒரு செவிலியரை வைத்து, அந்தச் செலவை இருவரும் ஏற்க வேண்டும்.

கண்ணன் அர்ஜுனனுக்குச் சொன்னதுபோல நான் உனக்குச் சொல்கிறேன் என்று உங்கள் கணவர் சொல்லக்கூடும். கண்ணன் குதிரைக் கயிற்றைப் பிடித்தபடி அதே தேரில், அதே களத்தில் உட்கார்ந்துதான் அதைச் சொன்னான். அத்தனையும் சொல்லி முடித்து, 18-ஆம் அத்தியாயத்தின் 63-ஆவது சுலோகத்தில், இதை முழுவதும் ஆராய்ந்து பார், பிறகு உன் விருப்பப்படி செய் என்று முடிவை அவனிடமே விட்டான். இருவரும் சேர்ந்து அதுவரை படித்துவிட்டுப் பேச ஆரம்பியுங்கள். பேசும்போது உங்கள் மாமியாரையும் கேளுங்கள்; படுத்திருந்தாலும் அவருக்கும் ஒரு கருத்து இருக்கும்.