சில நானோமீட்டர் தடிமனே உள்ள உலோகப் படலத்தின் காந்தப் பண்பை ஒளியைக் கொண்டு அளக்க முடியுமா?

முடியும். சில ஆண்டுகள் என் பகல்பொழுதெல்லாம் இருட்டறையில் கழிந்தது இந்த வேலையால்தான்.

1877இல் ஜான் கெர், மெருகேற்றிய மின்காந்த முனையில் பட்டு எதிரொளிக்கும் முனைவாக்கப்பட்ட ஒளியின் (ஒரே தளத்தில் மட்டும் அதிரும் ஒளி) அதிர்வுத் தளம் இலேசாகத் திரும்புவதைக் கண்டார். காந்தமாக்கம் தலைகீழானால் அந்தத் திருப்பமும் எதிர்ப்பக்கம் போகும். 1985இல் மூக், பேடர் இருவரும் தங்கத்தின் மேல் படியவைத்த ஓரணு அடுக்கு அளவு இரும்பிலேயே இதைப் பார்த்துவிட்டார்கள்.

கருவிகள் அதிகமில்லை. லேசர், ஒளியை முனைவாக்கும் போலரைசர், மின்காந்தத்துக்கு நடுவே படலம், திரும்பி வரும் ஒளியில் ஒரு தளத்தின் அதிர்வை மட்டும் விடும் அனலைசர், கடைசியில் ஒளிச்செறிவை அளக்கும் போட்டோடயோடு. காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே இருந்தால் ஒளியைச் சாய்வாக விழவிட வேண்டும். செங்குத்தாக இருந்தால் ஏறக்குறைய நேராக.

புதிதாக வருபவர்கள் தடுக்கி விழும் இடம் அனலைசர். நானும் விழுந்தேன். ஒளி முழுவதும் அணையும் கோணத்தில் வைத்துவிட்டு, காந்தப்புலத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தேன். திரையில் வெறும் இரைச்சல். காரணம் எளிது. அந்தக் கோணத்தில் வெளிவரும் ஒளி, திருப்பத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) நேர்விகிதம். 0.01 டிகிரியின் இருமடியில் என்ன மிஞ்சும்? இடமா வலமா என்பதும் தெரியாது. அனலைசரை ஒரு டிகிரி தள்ளி வைத்தால் கதையே வேறு: அதே 0.01 டிகிரிக்கு ஒளிச்செறிவு சுமார் 2% ஏறும், எதிர்ப்பக்கம் திரும்பினால் 2% இறங்கும். அன்று அனலைசரின் திருகை இலேசாகத் தள்ளியதும் தயக்கக் கண்ணி (புலம் ஏறி இறங்கும்போது காந்தமாக்கம் பின்தங்கி மாறுவதைக் காட்டும் மூடிய வளைகோடு) பளிச்சென்று வந்து நின்றது.

ஒன்றை மறக்க வேண்டாம். கண்ணியின் வடிவமும் எந்தப் புலத்தில் காந்தமாக்கம் புரள்கிறது என்பதும் நம்பகமாகக் கிடைக்கும். காந்தமாக்கத்தின் உண்மையான அளவு மட்டும் இதில் நேரடியாக வராது. அதற்கு, மாதிரியை அதிரவைத்து அளக்கும் அதிர்வு மாதிரி காந்தமானி போன்ற வேறொரு கருவி வேண்டும். ஆனால் அதில் படலம் படிந்திருக்கும் அடித்தளத்தின் சைகையும் சேர்ந்தே வரும், அது தனித் தலைவலி.

அப்புறம், கண்ணியின் இரு முனைகளும் தட்டையாகாமல் சாய்ந்துகொண்டே போனால் உடனே படலத்தைக் குறை சொல்லாதீர்கள். காந்தத்துக்குப் பக்கத்தில் லென்ஸ் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். காந்தப்புலத்தில் இருக்கும் கண்ணாடி, தன் வழியே போகும் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் தானும் திருப்பும்; இது ஃபாரடே விளைவு. நான் இரண்டு நல்ல மாதிரிகளைத் தூக்கிப்போட்ட பிறகுதான் லென்ஸை நகர்த்திப் பார்த்தேன்.