சம்பா யாருடைய நாடு?

அன்புள்ள ஐயா,

அரிக்கமேட்டு மணிகளைப் பற்றி எழுதியபோது, அதே வகை மணிகள் வியட்நாமின் ஓக் இயோவிலும் கிடைத்தன என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போய்விட்டீர்கள். எனக்கு அது ஏமாற்றம். என் தாத்தா சைகோனில் சுங்க இலாகாவில் எழுத்தராக இருந்தவர். அவர் கொண்டுவந்த அரக்குப் பெட்டி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. வியட்நாமின் பழைய பெயர் சம்பா, அதன் முதல் அரசன் ஸ்ரீமாறன் என்ற பாண்டியன், பின்னால் ராஜேந்திர சோழன் அதை வென்றான் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் நாள்தோறும் வருகிறது. தமிழன் ஆண்ட நாடு என்று சொல்ல உங்களுக்கு என்ன கூச்சம்? அடுத்த மாதம் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்றையும் சொல்லுங்கள்.

க., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள க.,

கூச்சம் ஒன்றும் இல்லை. நடக்காததை நான் எழுத முடியாது. ஆனால் ஒரு வரியோடு விட்டது என் தவறுதான். அதற்குச் சேர்த்து இப்போது எழுதுகிறேன்.

பிள்ளைகளின் அட்லஸை எடுத்து, கடலூரில் அடிக்கோலை வைத்து நேர் கிழக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்தமானில் போர்ட் பிளேர் பக்கமாகப் போய், மியன்மாரின் வால் போன்ற தென்பகுதியைக் கடந்து, தாய்லாந்து வளைகுடாவைத் தாண்டி, புனோம் பென் நகரை ஒட்டிச் சென்று, வியட்நாம் கரையில் பான்ராங் என்ற ஊருக்குப் பக்கத்தில் அது கடலில் இறங்கும். கடலூரும் பான்ராங்கும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அந்தக் கரைக்கும் நம்மைப் போலவே வடகிழக்குப் பருவக்காற்றுதான் மழை தருகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாம் வானொலியில் புயல் செய்தி கேட்கும் அதே நாட்களில் ஹுவே நகரத்துத் தெருக்களில் வெள்ளம் நிற்கும். பான்ராங் மட்டும் விதிவிலக்கு. மலைகள் சூழ்ந்து மழையை மறைத்துக்கொள்வதால் வியட்நாமிலேயே மிக வறண்ட இடங்களில் ஒன்று அது. கரையோரம் உப்பளங்கள். மரக்காணத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அந்த ஊர் அந்நியமாகவே தெரியாது.

பான்ராங் என்ற பெயரைச் சற்று நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். பாண்டுரங்கம் என்பதுதான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. சம்பாவின் கடைசி அரசு இருந்த இடம் அது.

உங்கள் கடிதத்தில் நான் திருத்த விரும்பும் முதல் வாக்கியமும் இதுவே. சம்பா வியட்நாமின் பழைய பெயர் அல்ல. வியட்நாமின் பழைய அண்டை நாடு. வியட் மக்களின் தாயகம் வடக்கே, ஹனோயைச் சுற்றிய செந்நதியின் சமவெளி. கி.மு. 111 முதல் ஆயிரம் ஆண்டுக்கு மேல் அது பெரும்பாலும் சீனப் பேரரசுகளின் கையில் இருந்தது. 938-ல் பாக் டாங் ஆற்று முகத்துவாரத்தில் நடந்த போரில்தான் அவர்கள் அதிலிருந்து விடுபட்டார்கள். அந்தக் காலத்தில் தெற்கே மீகாங் கழிமுகம் கம்போடியாவின் கெமர் மக்களுடைய நிலம். இரண்டுக்கும் நடுவில் நீண்டு கிடந்த கரை சம் மக்களுடையது. அதுதான் சம்பா.

அந்த நடுக்கரையின் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் சம்பாவைப் புரிந்துகொள்ள முடியும். துருவோங் சோன் மலைத்தொடர் கடலை நெருக்கிக்கொண்டே தெற்கே போகிறது. நாட்டின் மிகக் குறுகிய இடத்தில் அகலம் 50 கிலோமீட்டர் அளவுதான். கடலூரிலிருந்து விருத்தாசலம் போவதற்குள் லாவோஸ் எல்லை வந்துவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் பெண்ணையாறு கர்நாடகத்தில் பிறந்து பல மாவட்டங்களைத் தாண்டி வருகிறது. அங்கே ஆறுகள் மலையிலிருந்து குதித்த கையோடு கடலில் விழுந்துவிடுகின்றன. ஓர் ஆறு, அதன் சிறிய வயல்வெளி, முகத்துவாரத்தில் ஒரு துறைமுகம், மேலே காட்டில் அகிலும் தந்தமும், பிறகு கடல்வரை நீளும் ஒரு மலைக்கால். அதைத் தாண்டினால் அடுத்த ஆறு. அமராவதி, விஜயம், கௌதாரம், பாண்டுரங்கம் என்று ஆற்றுக்கு ஒரு நாடாகச் சம்பா பிரிந்து கிடந்ததற்கு இந்த நிலம்தான் காரணம். தஞ்சாவூர் போல ஒரு பெரிய நெற்களஞ்சியத்தின் மேல் உட்கார்ந்த பேரரசாக அது ஆகவே முடியாது. கப்பலையும் காட்டையும் நம்பி வாழ்ந்த மக்கள் அவர்கள்.

சரி, ஸ்ரீமாறன். ஞா சாங் அருகே வோ கான் என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டில் 'ஸ்ரீமார' அரச குலம் என்று வருவது உண்மை. அதைத் திருமாறன் என்று வாசித்துப் பாண்டியரோடு இணைத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் கல்வெட்டின் மொழி சமஸ்கிருதம். அதில் ஒரு தமிழ்ச் சொல் கிடையாது. மதுரையும் இல்லை, கொற்கையும் இல்லை. அது சம்பாவின் கல்வெட்டா, மீகாங் பக்கத்து ஃபூனான் என்ற பழைய அரசின் கீழிருந்த சிற்றரசனுடையதா என்பதே ஆய்வாளர்களிடையே வாதத்தில் இருந்த விஷயம். ஒரு பெயரின் ஓசையை மட்டும் வைத்து ஒரு நாட்டை நம் பெயருக்கு எழுதிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

அதைவிட நெஞ்சைத் தொடும் கல்வெட்டு ஒன்று அந்தக் கரையில் இருக்கிறது. திரா கியூ அருகே தோங் யென் சௌ என்ற இடத்தில் கிடைத்தது, ஏறத்தாழ நான்காம் நூற்றாண்டு. எழுத்து இந்தியாவிலிருந்து போனது, மொழி சம். மலாய்க்கும் ஜாவாவின் மொழிக்கும் உறவான அந்த மொழிக் குடும்பம் முழுவதிலும் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்து அதுதான். அரசனின் நாகத்தை மதிப்பவருக்கு வானத்திலிருந்து மணிகள் உதிரும், பழிப்பவர் ஏழு தலைமுறையோடு ஆயிரம் ஆண்டு நரகத்தில் கிடப்பார் என்கிறது. கடல் கடந்து வந்த எழுத்தை வாங்கித் தங்கள் சொந்தப் பேச்சை அவர்கள் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லின் முன்னால் நின்று "எங்கள் ஆள்தான் ஆண்டான்" என்று சொன்னால், பேசிக்கொண்டிருப்பவரின் வாயைப் பொத்துவதாக அல்லவா ஆகும்?

ராஜேந்திரனின் 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஸ்ரீவிஜயம், கடாரம், பண்ணை, தலைத்தக்கோலம், மானக்கவாரம் என்று மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அடையாளம் உறுதியான இடங்கள் சுமத்ரா, மலாய் தீபகற்பம், நிக்கோபார் பக்கத்தில் அமைகின்றன. பட்டியலில் வரும் வளைப்பந்தூறு என்ற ஒரு பெயரைப் பாண்டுரங்கத்தோடு சேர்த்துப் பார்த்தவர்கள் உண்டு. அங்கும் ஓசை ஒற்றுமைதான் ஆதாரம். சம்பாவை வென்றதாக அந்த மெய்க்கீர்த்தி ஓரிடத்திலும் சொல்லவில்லை.

ஓசை எப்படி ஏமாற்றும் என்பதற்கு நெல்லே சாட்சி. நம் சம்பா நெல் அங்கிருந்து வந்தது என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. சம்பா நாட்டு நெல் உலகப் புகழ் பெற்றதுதான். 1012-ல் சோங் பேரரசர் அதன் விதையைச் சீனத்தின் தென்கிழக்கு மாகாணங்களில் விநியோகிக்கச் செய்தார். ஏன் அந்த நெல்? வறட்சி தாங்கும், சீக்கிரம் விளையும். நம் சம்பாவோ நின்று நிதானமாக ஐந்து மாதம், அதற்கு மேலும் வயலில் இருக்கும் நெல். எங்கள் பக்கத்து உழவர் யாரைக் கேட்டாலும் சிரித்துவிடுவார்.

அந்த நாடு எப்படி மறைந்தது என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். 1306-ல் ஒரு சம் அரசன் வியட் இளவரசியை மணந்துகொண்டு இரண்டு மாவட்டங்களை மணப்பரிசாகக் கொடுத்தான். இன்றைய ஹுவே அந்த நிலத்தில்தான் இருக்கிறது. அதே நூற்றாண்டில் சே போங் ங்கா என்ற சம் அரசன் 1371-ல் ஹனோய் வரை கப்பலில் போய் நகரைச் சூறையாடினான். அவர்களும் வாளெடுத்தவர்கள்தான், கெமர்களோடு அவர்கள் நடத்திய நீர்ப்போர் அங்கோரில் பாயோன் கோயில் சுவரில் செதுக்கப்பட்டிருக்கிறது. 1471-ல் வியட் படை விஜயத்தைப் பிடித்தது. அத்தோடு முதுகெலும்பு முறிந்தது. தப்பியவர்களில் பலர் கம்போடியா போனார்கள். கொம்போங் சாம் என்ற ஊர்ப்பெயருக்குச் சம்களின் துறை என்றே பொருள். 1698-ல் வியட் நிர்வாகம் சைகோனுக்கு வந்து சேர்ந்தது. பிரே நோகோர் என்ற கெமர் ஊர்தான் அப்படிச் சைகோன் ஆயிற்று. கம்போடியர் இன்னும் மறக்காத இழப்பு அது. கடைசியாக 1832-ல் மின் மாங் பேரரசர் பாண்டுரங்கத்தையும் இணைத்துக்கொண்டார்.

இனி, உங்கள் ஊர் இந்தக் கதைக்குள் வரும் இடம். மின் மாங்கின் அண்ணன் புதுச்சேரிக்கு வந்திருக்கிறான்.

அரிக்கமேட்டுக்குப் பக்கத்து வீராம்பட்டினத்தில் 1770-ல் பிரெஞ்சுப் பாதிரியார் பினோ தெ பெஹேன் குருமடம் ஒன்றை நடத்தினார். தென்வியட்நாமிலிருந்து தப்பி வந்தவர் அவர். நம் மீனவக் கிராமத்தில் தங்கியிருந்த ஆண்டுகளில் வியட்நாமிய–லத்தீன் அகராதி ஒன்றைத் தொகுத்தார். பின்பு திரும்பிப் போனவர், ஆட்சியை இழந்து அலைந்துகொண்டிருந்த ங்குயென் ஆன் என்ற அரசனின் சிறு மகன் கான்-ஐ அழைத்துக்கொண்டு 1785-ல் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அங்கிருந்து பிரான்ஸ் போய் 1787-ல் வெர்சாயில் படை உதவி கேட்டு ஓர் உடன்படிக்கை செய்தார். ஆனால் புதுச்சேரி கவர்னர் கான்வே படை அனுப்ப மறுத்துவிட்டார். பாதிரியார் சோர்ந்துவிடவில்லை. தனியார் பணத்தில் கப்பலும் தளவாடமும் ஆட்களும் திரட்டிக்கொண்டு 1789-ல் புறப்பட்டார். ங்குயென் ஆன் 1802-ல் செந்நதி முதல் தாய்லாந்து வளைகுடா வரை ஒரே நாடாக்கி, ஜியா லோங் என்ற பெயரில் முடிசூடினார். வியட்நாம் என்ற பெயரே 1804-ல் அவர் காலத்தில் நிலைத்ததுதான். புதுச்சேரிக்கு வந்த பிள்ளை அம்மையில் இறந்துவிட, தம்பி மின் மாங் அரியணை ஏறினார். சம்பாவின் முடிவுக்கு இட்டுச்சென்ற பாதையில் நம் கடற்கரையும் ஒரு திருப்பம். இதைப் படித்த நாளிலிருந்து வீராம்பட்டினம் தேர்த் திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறுவனின் நினைவு வருகிறது.

உங்கள் தாத்தாவைப் பற்றியும் ஒரு வார்த்தை, வருத்தப்படாமல் கேளுங்கள். 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைக் கைவிட்டுப் பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் சைகோனில் காவல், சுங்கம், வரி என்று வேலைகளில் அமர்ந்தார்கள். சாதிக்கு வெளியே தலைநிமிர அவர்களில் பலருக்கு அது வழி திறந்தது. அதே நேரத்தில், வியட்நாமிய விவசாயி வரி கட்ட வந்து நின்றபோது மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நம் ஆட்கள். இரண்டும் உண்மை. இரண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். சைகோன் மாரியம்மன் கோயிலுக்கு நீங்கள் எப்படியும் போவீர்கள். இன்று அங்கே ஊதுவத்தி ஏற்றிக் கும்பிடுபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர் என்பதையும் கவனியுங்கள்.

தவறாமல் பார்க்க வேண்டிய இடம் கேட்டீர்கள். எல்லோரும் சம்பாவின் பழைய கோயில் தொகுதியான மீ சோன் போகச் சொல்வார்கள். போங்கள், 1969-ல் அமெரிக்கக் குண்டு விழுந்து அங்கே மிக உயர்ந்த கோபுரம் தரைமட்டமானது, எஞ்சிய செங்கல் கட்டடங்களே மூச்சை நிறுத்தும். ஆனால் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் பான்ராங் போய், போ க்ளோங் கராய் கோயில் குன்றில் ஏறுங்கள். அது இடிபாடு அல்ல, பூசை நடக்கும் கோயில். வாசலுக்கு மேலே ஆடும் சிவன் இருக்கிறார். சிதம்பரத்துக்குப் பக்கத்து ஊர்க்காரர்களான நமக்குக் கண் முதலில் அங்கேதான் போகும். பார்த்துவிட்டு உள்ளே குனிந்து நுழையுங்கள். இருட்டில் ஒரு முகலிங்கம் தெரியும். அந்த முகம் போ க்ளோங் கராய் என்ற சம் அரசனுடையது. பூசாரி இருந்தால், அந்தப் பெயரை அவர் வாயால் ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.