முதுகு வலி வந்தால் குனியவே கூடாதா?

கீழ் முதுகு வலி இருப்பவர் இடுப்பை அசைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறவராக இருப்பீர்கள். நான் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவன். "குனியாதீங்க" என்று எனக்கும் சொன்னார்கள். பாவு இழை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்தால் தறிமேல் கவிழ்ந்து, நுனியைத் தேடிப் பிடித்து முடிச்சுப் போட வேண்டும். குனியாமல் யார் போடுவது?

வலி வந்ததும் உடம்பு தானாகவே இடுப்பை இறுக்கிக்கொள்கிறது. "ஏனுங்க, நெலையோட கதவு நடக்கறாப்ல இருக்குது" என்றாள் வீட்டில். பிசியோதெரபி பார்த்த பெண்ணும் அதைத்தான் பிடித்தது. "வெரசா நடங்கண்ணா" என்று வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தது. வேகமாக நடக்கையில் தோள் ஒரு பக்கம் திரும்பினால் இடுப்பெலும்பு எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும். வலிக்காரர்கள் பலருக்கு இரண்டும் சேர்ந்தே திரும்பும். எனக்கும் அதே கதை.

அப்புறம் குனிவது. முழங்கால் மடக்காமல் முழுசாகக் குனிந்தால் கீழ் முதுகு தருவது சுமார் 40 முதல் 60 டிகிரிதான், மீதி தொடை சேருகிற இடுப்பு மூட்டில் இருந்து வர வேண்டும். அந்தப் பெண் என்னைச் சுவருக்கு ஒரு சாண் முன்னால் முதுகைக் காட்டி நிற்கவைத்து, முழங்காலை லேசாகத் தளர்த்தி, பின்பக்கத்தால் சுவரைத் தொடச் சொன்னது. தொடையின் பின்னால் சுருக்கென்று இழுத்தது, முதுகில் ஒன்றுமில்லை. தறியை நிறுத்தியதும் தினமும் இதைச் செய்கிறேன். இப்போது பாவுக்குக் குனிந்தால் பயமில்லை.

வலிக்காரர் எல்லோருக்கும் இப்படித்தான் என்று ஆராய்ச்சி சொல்லவில்லையே என்று ஒருவர் வருவார். சரி, வலிக்காரர் எல்லோரும் ஒரே மாதிரி அசைவதில்லை. சிலருக்கு முதுகே வளையாது, சிலருக்கு இடுப்பு மூட்டு சும்மா இருக்க முதுகே எல்லாம் செய்யும். வலியால் அசைவு மாறியதா, அசைவால் வலி வந்ததா என்பதும் ஆளுக்கு ஆள் வேறு. இப்படித்தான் குனிய வேண்டும் என்று நான் சட்டம் போடவில்லை. ஸ்கேனில் டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் மெத்தை) பிதுங்கல் என்று வந்தாலும் பதறாதீர்கள், வலியே இல்லாதவர்களுக்கும் அது இருக்கும்.

'ரெஸ்ட் எடுங்கள்' என்பவர்களுக்கு ஒன்று. நாங்கள் கூலிக்கு நெய்கிறவர்கள்; பேசின கூலி உயர்வு ஒன்று, நூல் கொடுத்து நெய்யச் சொல்கிறவர் கையில் வைப்பது ஒன்று. இதில் ஒரு ஷிப்டு படுத்தால் கரண்டு பில்லை யார் கட்டுவது? விடுங்கள், அது தனி வழக்கு.

ஆனால் சிறுநீர் போக முடியாமல் போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ சுளுக்கு வழிக்கப் போகாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.