உரிமம் கைக்கு வந்ததும், குறைந்த பட்ஜெட்டில் முதல் காரை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி கேட்டவருக்கு ஓட்டுநர் உரிமம் கிடைத்து இரண்டு மாதம்தான் ஆகிறது. அளவான சேமிப்பை வைத்துக்கொண்டு மூன்று வழிகளுக்கு நடுவே தயங்குகிறார். ஆறு ஆண்டு ஓடிய சிறிய கார் ஒன்று அவருடைய பணத்துக்குள் கிடைக்கிறது. பன்னிரண்டு ஆண்டு ஓடிய பெரிய சொகுசுக் கார் ஒன்றும் ஏறக்குறைய அதே விலைக்கு வருகிறது. இரண்டும் வேண்டாமென்றால், சேமிப்பை முன்பணமாகக் கட்டி, மீதிக்குக் கடன் வாங்கிப் புதிய காரே எடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறார். என்னுடைய பதில், ஆறு ஆண்டு ஓடிய அந்தச் சிறிய கார் என்பதே. ஆனால் கையிலிருக்கும் பணம் முழுவதையும் அதற்குக் கொடுத்துவிடக் கூடாது; அதன் உடல்நிலையை நன்றாகப் பார்க்காமல் முன்பணமும் கொடுக்கக் கூடாது.

முதலில் பணத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். வாங்கும் அன்று எண்ணிக் கொடுக்கும் தொகை, செலவின் தொடக்கம் மட்டுமே. பெயர் மாற்றம், வரி, இன்சூரன்ஸ், எரிபொருள், வாங்கியவுடன் செய்தாக வேண்டிய சர்வீஸ், மாற்ற வேண்டியிருந்தால் நான்கு டயர்கள், ஒரு பேட்டரி என்று அடுத்த மூன்று மாதத்துக்குள் வரிசையாக வந்து நிற்கும். ஆகவே உங்களிடம் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்கையாவது தொடாமல் ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை மட்டுமே காரின் விலையாகக் கணக்கில் கொள்ளுங்கள். புதிதாக உரிமம் பெற்றவர்களிடம், அதிலும் வயது குறைந்தவர்களிடம், பல நாடுகளில் இன்சூரன்ஸ் கட்டணம் கூடுதலாக வாங்குகிறார்கள். எஞ்சின் பெரிதாக இருந்தால் அது இன்னும் ஏறும். எனவே ஒரு காரின் மேல் மனம் போவதற்கு முன்பே, அந்தக் காருக்கு உங்கள் பெயரில் ஆண்டுக்கு எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

புதிய காரை நான் வேண்டாம் என்பதற்குக் கடன் மட்டும் காரணமில்லை. ஒரு காரின் மதிப்பு மிக வேகமாகச் சரிவது அதன் முதல் சில ஆண்டுகளில்தான். ஆறாவது ஆண்டில் வாங்குகிறவருக்கு, அந்தச் சரிவின் பெரும்பகுதியை முந்தைய உரிமையாளர் ஏற்கெனவே சுமந்து முடித்திருப்பார். அதோடு, வண்டி ஓட்டிப் பழகும் முதல் ஆண்டில் பம்பர் எங்காவது உரசும், கதவில் கோடு விழும். மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் புதிய காரில் அப்படி ஒரு கோடு விழுந்தால், அடுத்த சில வாரங்கள் பதற்றத்தோடுதான் ஓட்டுவீர்கள். புதிதாக ஓட்டுகிறவருக்குப் பதற்றத்தைவிடக் கெடுதல் வேறில்லை.

பன்னிரண்டு ஆண்டு ஓடிய சொகுசுக் காரைப் பொறுத்தவரை, யானையைக் கட்டித் தீனி போட முடியுமா என்பதுதான் கேள்வி. அந்தக் காரின் விலை இறங்கிவிட்டது. அதன் உதிரிபாகங்களின் விலை இறங்கவில்லை. புதிதாக விற்றபோது அது எந்த வகுப்புக் காராக இருந்ததோ, அந்த வகுப்புக்குரிய விலையில்தான் அதன் பிரேக் டிஸ்க்கும், குலுக்கலைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களும், மின்னணுப் பெட்டிகளும் இன்றும் கிடைக்கும். அந்த வயதில்தான் அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பழுதாகத் தொடங்கும் என்பதால், அதை இவ்வளவு மலிவாக விற்க முன்வருகிறவர் அடுத்து வரப்போகும் ரசீதைக் கணக்குப் பார்த்துவிட்டே விற்கிறார் என்று எடுத்துக்கொள்வது பாதுகாப்பானது.

இனி, புதிய ஓட்டுநருக்கு ஒரு காரில் முதலில் என்ன வேண்டும் என்பதற்கு வருகிறேன். இதைப் பலர் மைலேஜிலும் நிறத்திலும் தொடங்குகிறார்கள். நான் பார்வையில் தொடங்குவேன். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, இருக்கையை முன்னும் பின்னும், முடிந்தால் மேலும் கீழும் நகர்த்தி, கிளட்சை முழுவதும் மிதிக்கும்போது முழங்கால் சற்று மடங்கியே இருக்கும்படி சரிசெய்துகொள்ளுங்கள். பிறகு அசையாமல் அமர்ந்து, பானட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று உங்களால் ஊகிக்க முடிகிறதா, முன்கண்ணாடியின் இரு பக்கத் தூண்களும் எதையெல்லாம் மறைக்கின்றன, பின்கண்ணாடி வழியே எவ்வளவு தெரிகிறது என்று பாருங்கள். சந்திப்பில் திரும்பும்போது அந்தத் தூணுக்குப் பின்னால் ஒரு சைக்கிள்காரர் முழுமையாக மறைந்துவிட முடியும். அனுபவமுள்ளவர் தலையை முன்னே சாய்த்து எட்டிப் பார்த்துக்கொள்வார், புதியவருக்கு அந்தப் பழக்கம் வர நாளாகும். சிறிய நீளமும், பெரிய ஜன்னல்களும், நிமிர்ந்து உட்காரும் இருக்கையும் கொண்ட கார் முதல் ஆண்டில் உங்களுக்குச் செய்யும் உதவியை எந்தக் கேமராவும் செய்துவிடாது என்பது என் உறுதியான கருத்து.

அதே காரணத்துக்காக, ஏசிக்கும் விளக்குகளுக்கும் திருகும் குமிழ்கள் உள்ள காரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 20 மீட்டர் கடக்கிறது. தொடுதிரையில் ஒரு பொத்தானைத் தேடி இரண்டு நொடி பார்வையை விலக்கினால், 40 மீட்டர் தூரத்தைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். குமிழை விரலே கண்டுபிடித்துக்கொள்ளும்.

பாதுகாப்பு அம்சங்களில், தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் சீட் பெல்ட் எல்லா இருக்கைகளிலும் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். வோல்வோவின் பொறியாளர் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்து, அந்த நிறுவனம் மற்ற நிறுவனங்களும் பயன்படுத்தக் காப்புரிமையைத் திறந்துவிட்ட அந்தப் பட்டைக்கு நிகராக உயிர் காத்த பாகம் காரில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன். ஏர்பேக்கும் அந்தப் பட்டை போட்டிருப்பவருக்கென்று வடிவமைக்கப்பட்டதுதான். அடுத்ததாக ஏபிஎஸ் இருக்க வேண்டும். பயந்துபோய் முழு பலத்தோடு பிரேக்கை அழுத்தும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல், ஸ்டீயரிங் உங்கள் சொல்லைக் கேட்கும்படி வைப்பது அதுதான். அதற்கும் மேலே, 1995-இல் கார்களில் வரத் தொடங்கிய இஎஸ்சி என்னும் நிலைத்தன்மைக் கட்டுப்பாடு உள்ள காரைத் தேடிப் பிடிக்க முடியுமானால், அலாய் சக்கரத்தையும் மேற்கூரை ஜன்னலையும் விட்டுக்கொடுத்தாவது அதை எடுங்கள். வளைவில் வேகம் கூடிப்போய் வண்டி வழுக்கத் தொடங்கும்போது, தனித்தனிச் சக்கரத்தில் பிரேக் பிடித்து வண்டியை நேராக்க முயல்வது அது. அந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்று புதிய ஓட்டுநரின் கைக்குத் தெரியாது. மோதல் சோதனையில் வாங்கிய நட்சத்திரங்களைப் பார்ப்பவர்கள், எந்த ஆண்டு வாங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் வழங்கும், 1997-இல் தொடங்கிய ஐரோப்பாவின் யூரோ என்சிஏபி போன்ற அமைப்புகள் தம் விதிகளை அவ்வப்போது கடுமையாக்கிக்கொண்டே வருகின்றன. பழைய ஐந்து நட்சத்திரமும் புதிய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல.

பெட்ரோலா டீசலா என்றால், அன்றாடம் சில கிலோமீட்டர் மட்டும் ஓட்டப்போகிறவருக்குப் பெட்ரோலே போதும். புகைவடிகட்டி பொருத்திய டீசல் கார்கள் குறுகிய தூரமே ஓடினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக் வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். ஆட்டோமேட்டிக்கில் தேர்வு கொடுத்தவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது என்ற விதி சில நாடுகளில் இருப்பதால், உரிமத்தை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனையைப் பற்றி விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் என் முதல் காரில் நான் இழந்தது இங்கேதான். வெளியே பளபளவென்றிருந்தது, உள்ளே வாசனைத் திரவியம் தாராளமாக அடித்திருந்தார்கள், விற்றவர் கனிவாகப் பேசினார். வாங்கி ஏழாவது வாரத்தில் முகப்பு விளக்குகள் தாமாக அணைந்து எரியத் தொடங்கின. பிறகு ஒருநாள் இரவு, சாலையின் நடுவே எஞ்சினும் அணைந்தது. மெக்கானிக் வந்து வேறெதையும் தொடாமல், ஓட்டுநர் சீட் பெல்ட்டைப் பிடித்து, அது நிற்கும்வரை முழுவதுமாக வெளியே இழுத்தார். வழக்கமாக நாம் இழுக்கும் நீளம் வரை சுத்தமாக இருந்த பட்டை, அதற்கப்பால் பழுப்பேறியிருந்தது. குறுக்காக ஒரு கறைக்கோடு, விரலால் தேய்த்தால் மெல்லிய மண். அந்தக் கார் வெள்ளத்தில் நின்றது என்பதை அந்தக் கோடு சொன்னது. மிதியடியைத் தூக்கிக் கம்பளத்தின் அடியில் கைவைத்தபோது இன்னும் ஈரம் இருந்தது. இருக்கை நகரும் தண்டவாளங்களில் துரு ஏறியிருந்தது. வாங்குவதற்கு முன் இரண்டு நிமிடம் செலவழித்திருந்தால் இத்தனையையும் நானே பார்த்திருக்க முடியும். அந்த வண்டியைப் பாதி விலைக்குக் கொடுத்து முடித்தபோது, என் இரண்டு ஆண்டுச் சேமிப்பு அதோடு போயிருந்தது. கடும் வாசனை வரும் காரை இன்றுவரை நான் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

ஆகவே காரைப் பகல் வெளிச்சத்தில், மழை இல்லாத நாளில் பாருங்கள். வருகிறேன் என்று சொல்லும்போதே, எஞ்சினை முன்கூட்டி ஓட்டி வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, போனவுடன் பானட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த எஞ்சின் கிளம்பும்போது எழுப்பும் சத்தத்தை உங்களிடமிருந்து மறைத்துவிட்டார்கள் என்று பொருள். கிளப்பச் சொல்லிவிட்டுப் பின்னால் போய்ப் புகையைப் பாருங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. குளிர்ந்த எஞ்சினில் சற்று நேரம் வந்து மறையும் வெள்ளை ஆவி இயல்பானது, எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் எஞ்சினுக்குள் கசிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். பாலாடை போன்ற படிவு தடிப்பாக இருந்தால் ஆயிலில் நீர் சேர்ந்திருக்கிறது. குறுகிய தூரமே ஓடும் வண்டியில் லேசாக இப்படி இருப்பதுண்டு. அது தெரியாமல் நல்ல காரை நிராகரித்துவிடவும் வேண்டாம், மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஓடோமீட்டர் காட்டும் எண்ணை அப்படியே நம்பாமல், பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் மேல்பகுதி, ஓட்டுநர் இருக்கையின் வெளிப்பக்க ஓரம் ஆகிய மூன்றையும் அதனோடு ஒப்பிடுங்கள். 40,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று மீட்டர் சொல்லும் காரில் மிதியின் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், சர்வீஸ் ரசீதுகளில் தேதியும் கிலோமீட்டரும் சீராக ஏறுகின்றனவா என்று பார்த்தாக வேண்டும். வண்டியின் அடையாள எண்ணான சேசிஸ் எண்ணின் 17 எழுத்துகளையும் வண்டியிலும் ஆவணத்திலும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடுவது ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுக்குத்தான் என்பதால், டயரை அலட்சியம் செய்யாதீர்கள். பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது. பள்ளங்களுக்கு நடுவே ரப்பரில் சிறு மேடுகள் தெரியும், அவை 1.6 மில்லிமீட்டர் உயரத்தைக் குறிப்பவை, டயரின் மேற்பரப்பு அவற்றுக்குச் சமமாகிவிட்டால் அந்த டயரின் ஆயுள் முடிந்தது. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரங்களின் கோணத்திலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம்.

எஞ்சினுக்குள் வால்வுகளையும் பிஸ்டன்களையும் ஒரே தாளத்தில் இயங்க வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்றும் கேளுங்கள். பெல்ட் என்றால், தயாரிப்பாளர் சொன்ன கிலோமீட்டருக்குள் அல்லது ஆண்டுக்குள் அது மாற்றப்பட்டதற்கு ரசீது வேண்டும். ஓட்டத்தில் அது அறுந்தால், பல எஞ்சின்களில் வால்வுகளும் பிஸ்டன்களும் மோதிக்கொள்ளும். சரிசெய்யும் செலவு காரின் விலையையே எட்டிவிடலாம். ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொண்டு, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் சொல்லுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு, உரிமம் வாங்கிப் பல ஆண்டுகள் ஆன ஒருவரை உடன் அழைத்துச் சென்று, முதல் சுற்றை அவரை ஓட்டச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்து இருக்கையில் இருந்து ரேடியோவை அணைத்துவிட்டுக் காதை மட்டும் கொடுங்கள். உங்கள் முறை வந்ததும், பின்னால் வண்டி வராத நேரான சாலையில் சற்று அழுத்தமாகப் பிரேக் பிடித்து, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று பாருங்கள். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடிக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் கியரில் மேடேறும்போது எஞ்சினின் சத்தம் கூடியும் வேகம் கூடவில்லையென்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. எல்லாம் பிடித்திருந்தாலும் அன்றே முடிவெடுக்காமல், விற்பவருக்குத் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கிடம் கூலி கொடுத்து லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு அழகான காராக இருந்தாலும் விட்டுவிட்டு வாருங்கள், இன்னொன்று கிடைக்கும்.

வாங்கிய வாரத்திலேயே எஞ்சின் ஆயிலையும், ஆயில் வடிகட்டியையும், காற்று வடிகட்டியையும், ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் இயல்புடைய பிரேக் ஆயிலையும் மாற்றிவிட்டு, தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சிறு நோட்டில் எழுதி டேஷ்போர்டுக்குள் வையுங்கள். நான் இரண்டாவதாக வாங்கிய சிறிய காரை அதன் முதல் உரிமையாளர் அப்படி ஒரு நோட்டோடுதான் என்னிடம் கொடுத்தார்; ஒன்பது ஆண்டுகளாக அதே நோட்டில்தான் நானும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.