செஸ்னா 172: இடது பிரேக் பெடல் மெத்தென்று இறங்குகிறது, தரையிறங்கும்போது விமானம் வலப்பக்கம் இழுக்கிறது

இடது பிரேக்கின் எண்ணெய்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பெடல் இறுகினால், அதுதான் அடையாளம். 172-ல் ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனி மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது எண்ணெயை அழுத்தும் பகுதி). அதனால்தான் வலது பிரேக் மட்டும் நன்றாகப் பிடித்து, விமானத்தை அந்தப் பக்கம் இழுக்கிறது.

எஞ்சினை நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டுப் பாருங்கள்:

1. பெடலைப் பலமுறை மிதித்து, இறுகியதும் அழுத்தியபடியே வைத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் காற்று மட்டும் காரணமில்லை. மாஸ்டர் சிலிண்டரின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) தேய்ந்திருக்கலாம், அல்லது எங்கேயோ ஒழுகுகிறது.
2. சக்கரத்தருகே வட்டைப் பிடிக்கும் காலிப்பரைச் சுற்றிச் சிவப்பு எண்ணெய்க் கசிவு இருக்கிறதா?

கசிவு இல்லையென்றால், காலிப்பரிலிருந்து மேல்நோக்கி எண்ணெயைச் செலுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மேலிருந்து ஊற்றினால் குமிழி பாதியில் சிக்கிக்கொள்ளும். MIL-H-5606 என்ற அந்தச் சிவப்பு ஹைட்ராலிக் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். கார் பிரேக் ஆயில் வேண்டவே வேண்டாம், ரப்பர் சீல்கள் ஊதிக் கெட்டுவிடும். (அவசரத்துக்கு ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள்!)

உரிமம் பெற்ற மெக்கானிக் பார்த்துக் கையெழுத்திடும்வரை பறக்காதீர்கள். பறக்கும்போதே இது தெரிந்தால், நீளமான ஓடுபாதையாகப் பார்த்து, சரியான வேகத்தில் இறங்கி, ரடரால் (வால் சுக்கான்) நேராகப் பிடித்து ஓடவிடுங்கள். நல்ல பிரேக்கை ஓங்கி மிதிக்க வேண்டாம்.